யமமோட்டோவை மறுநாளே பந்து போட வைத்தது சரியா? (பேஸ்பால், 2025 உலகத் தொடரின் கடைசி 7ஆவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 5 – டொராண்டோ புளூ ஜேஸ் 4, 11 இன்னிங்ஸ்)

பசடீனாபாண்டி:

ரெண்டு நாளாகியும் தொண்டை திறக்கவில்லை. இன்றைக்கு ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் மழைக்காலத் தவளை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் இங்கே எழுதித் தீர்க்கிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் மிகெல் ரோஹாஸ் ஒன்பதாவதில் அடித்த ஹோம் ரன்னையும் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி), வில் ஸ்மித் பதினொன்றாவதில் அடித்ததையும் பேசுகிறார்கள். பேசட்டும். நான் பந்து போட்டவர்களைப் பற்றிப் பேச வந்தேன். சனிக்கிழமை ராத்திரி டொராண்டோவில் டாட்ஜர்ஸுக்குப் பந்து போட்டவர்கள் ஆறு பேர்: ஒஹ்தானி, ரோப்லெஸ்கி, கிளாஸ்நோ, ஷீஹன், ஸ்னெல், கடைசியாக யமமோட்டோ. இதில் புல்பென் ஆள், அதாவது நடுவில் வந்து பந்து போடும் ரிலீவர், என்று சொல்லக்கூடியவர் ரோப்லெஸ்கி ஒருவர்தான். மற்ற ஐவரும் ஸ்டார்ட்டர்கள், அதாவது ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டியவர்கள். மேனேஜர் டேவ் ராபர்ட்ஸுக்குத் தன் ரிலீவர்கள் மேல் நம்பிக்கையே இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது. முதல் ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது ரன் கொடுத்து 11-4 என்று தோற்றோமே, அன்றைக்கே போயிருக்கும் அந்த நம்பிக்கை.

ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். 4-4. ஒருவர் அவுட், இரண்டு பேர் பேஸில். ஸ்னெல்லை எடுத்துவிட்டு யமமோட்டோவைக் கூப்பிடுகிறார். முந்தின நாள் ராத்திரிதான் இதே மைதானத்தில் ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து போட்டு 3-1 என்று ஜெயித்துக் கொடுத்தவன். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வந்ததும் டொராண்டோவின் கர்க் மேல் பந்தைப் போட்டான், மேலே பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். பேஸ் மூன்றும் நிறைந்தன. ஒரு ரன் வந்தால் கதை முடிந்தது. வார்ஷோ தரையில் அடித்தார், ரோஹாஸ் தடுமாறி விழப் பார்த்து, எப்படியோ நிமிர்ந்து ரன் கணக்காகும் ஹோம் தட்டுக்கு எறிந்தார், பந்தைப் பிடித்த கேட்சர் ஸ்மித்தின் கால் தட்டிலிருந்து ஒரு நொடி எழும்பி மறுபடி பதிந்தது. அவுட். அடுத்து கிளெமென்ட் இடது மையத்தில் ஆழமாகத் தூக்கியடித்தார். சற்று முன்புதான் மையக் களத்துக்கு வந்த ஆண்டி பாஹேஸ் ஓடிவந்து, கிக்கே ஹெர்னாண்டஸை இடித்துத் தள்ளிவிட்டு, அவர் தலைக்கு மேலேயே பந்தைப் பிடித்தார். கிக்கே தரையில் குப்புறக் கிடக்கிறார். நான் சோபாவுக்குப் பின்னால் நிற்கிறேன், எப்போது எழுந்து அங்கே போனேன் என்று தெரியவில்லை.

கேள்வி இதுதான். யமமோட்டோவை இறக்கியது சரியான முடிவா, அல்லது தப்பான முடிவு ஒன்று தப்பிப் பிழைத்ததா? எனக்கே ரெண்டு மனசாக இருக்கிறது.

ஸ்கார்பரோ_தம்பி:

அண்ணை, நீங்கள் தொண்டை போனதைச் சொல்லுறியள். இங்கே நித்திரை போனது. அந்த ராத்திரிதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினது. 12 மணி தாண்டித் தோற்று, பிறகு ஒரு மணியை இரண்டு தரம் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதுக்கு அரசாங்கமே ஒரு மணித்தியாலம் கூடத் தந்தது.

1993இல் ஜோ கார்ட்டர் அடித்தபோது எங்கட அப்பா இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம். பேஸ்பால் ஒன்றும் விளங்காமல் சத்தத்தைக் கேட்டு ரோட்டுக்கு வந்தவராம். 32 வருசத்துக்குப் பிறகு அவரும் நானும் பக்கத்தில் இருந்து பார்த்தம். ரோஹாஸ் அடிக்க அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். அதுக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை.

சரி, கதைக்கு வாறன். ஸ்டார்ட்டர்களை வைத்தே ஆட்டத்தை முடிச்சது ராபர்ட்ஸின் தனிக் கெட்டித்தனம் மாதிரி எழுதியிருக்கிறியள். எங்கட மேனேஜர் ஷ்னைடரும் அதையேதான் செய்தார். 41 வயது ஷெர்சர் தொடங்கி நாலு இன்னிங்ஸுக்கு மேலே நின்று ஒரு ரன் மட்டும் குடுத்தார். பாசிட் ஸ்டார்ட்டர். ஏழாவதில் வந்த யெசவேஜ் ஸ்டார்ட்டர், அதுவும் மூன்று நாள் முன்னம் ஐந்தாவது ஆட்டத்தில் உங்கட ஆட்கள் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கின 22 வயதுப் பொடியன். பதினொன்றாவதில் ஸ்மித்திடம் அடிவாங்கின பீபரும் ஸ்டார்ட்டர்தான். ஏழாவது ஆட்டம் என்றால் எல்லா மேனேஜரும் அதைத்தான் செய்வினம்.

நீங்கள் வென்றது பந்து போட்டதால் இல்லை அண்ணை. ஒன்பதாவதில் மூன்றாம் பேஸில் ஓடக் காத்து நின்ற எங்கட கைனர்-ஃபலேஃபா பேஸை விட்டு இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் நீங்கள் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டியள்.

அடையாறு_ஆலமரம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் கிரிக்கெட் ஆள். ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரைக்கு இந்த ஆட்டத்தைப் போட்டு உட்கார்ந்தேன், சும்மா ஒரு ஆர்வம். மதியம் நவி மும்பையில் மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அது மழையால் தள்ளிப்போய், முடியும்போது நள்ளிரவு. ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டம் பார்த்து, திங்கள்கிழமை வேலைக்குப் போனவன் நான்.

ஒரு சந்தேகம். 96 பந்து ஒரு நாள், மறுநாள் 34 பந்து. மொத்தம் 130. அதாவது 21 ஓவரும் நாலு பந்தும். டெஸ்ட் மேட்சில் வேகப்பந்து வீச்சாளர் ரெண்டு நாளில் இதைச் சர்வசாதாரணமாகப் போடுகிறாரே! இதற்கு ஏன் இவ்வளவு ஆச்சரியம்? கேலி இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

பசடீனாபாண்டி:

ஆலமரம், நல்ல கேள்வி, நான் மதுரையிலிருந்து வந்த புதிதில் இதையே கேட்டு ஒரு பாரில் ஏறக்குறைய அடிவாங்கினேன்.

நம்ம ஊர் பௌலர் தூரத்திலிருந்து ஓடிவருகிறார், அந்த ஓட்டமும் வேகத்துக்குக் கை கொடுக்கிறது, அப்புறம் கையை மடக்காமல் சுழற்றுகிறார். இங்கே ஓட்டம் கிடையாது. ஒரு மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, ஒரு காலைத் தூக்கி, முழங்கையை மடக்கி விசிறியடித்து எறிய வேண்டும். கிரிக்கெட்டில் அப்படி எறிந்தால் நடுவர் கையை நீட்டிவிடுவார். மணிக்கு 155 கிலோமீட்டர் பக்கம் போகிற பந்தின் முழு பாரமும் தோளும் முழங்கையும்தான் தாங்கியாக வேண்டும். முழங்கையின் உள்பக்கம் ஒரு தசைநார் இருக்கிறது, பாதிப் பிட்சர்களின் வாழ்க்கைக் கதையே அதைப் பற்றியதுதான். ஒஹ்தானிக்கு அங்கே இரண்டு தரம் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கிளாஸ்நோவுக்கு நடந்திருக்கிறது. நம்ம தம்பி சொன்ன பீபருக்கும் நடந்திருக்கிறது. அதனால்தான் 100 பந்து போட்டவனுக்கு நாலைந்து நாள் ஓய்வு. மறுநாள் அவன் கையைத் தூக்கித் தலை சீவுவதே சிரமம் என்பார்கள்.

ஒஹ்தானியையே பாருங்கள். நாலாவது ஆட்டத்தில் போட்டுவிட்டு மூன்றே நாள் ஓய்வில் வந்தார். முதல் பேட்டராகவும் ஆடுகிறார், பிட்சராகவும் போடுகிறார், பேஸில் ஓடிவிட்டு மூச்சு வாங்க நேரமில்லாமல் மேட்டில் ஏறுகிறார். மூன்றாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் கெரேரோவை அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள், அடுத்து வந்த பிஷெட்டுக்கு ஒரு ஸ்லைடர் வளையாமல் நடுவில் தொங்கியது. முழங்கால் காயத்தோடு நொண்டிக்கொண்டு ஆடுகிற மனிதர், 442 அடி அடித்தார். 3-0. ஓய்வு போதாத கை என்ன செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

யமமோட்டோவுக்கு மூன்று நாளும் இல்லை, ஒரு நாளும் இல்லை. இப்போது சொல்லுங்கள்.

மில்பிடாஸ்_மீனா:

நான் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ரசிகை, டாட்ஜர்ஸ் ஜெயித்த வாரம் முழுக்க வீட்டில் பேப்பர் கூட வாங்குவதில்லை. ஆனாலும் இந்த இழையைப் படித்துத் தொலைத்துவிட்டேன்.

ஏழாவது ஆட்டம், ஓய்வில்லாத கை, இதெல்லாம் புதிது மாதிரி பேசுகிறீர்கள். 2014, கன்சாஸ் சிட்டி. எங்கள் பிட்சர் மாடிசன் பம்கார்னர். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸும் 117 பந்து போட்டு முடித்தார். மூன்று நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸில் வந்தார், கடைசிவரை போகவே இல்லை. 68 பந்து, ஐந்து இன்னிங்ஸ், ரன் இல்லை. 3-2. ஐந்து முழு இன்னிங்ஸ், பாண்டி. உங்களுடையது இரண்டு இன்னிங்ஸும் சில்லறையும்.

அப்புறம் அந்த மூன்றாம் பேஸ் விவகாரம் இருக்கிறதே, அன்றைக்கும் ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு அலெக்ஸ் கோர்டன் மூன்றாம் பேஸில் நின்றுவிட்டார். வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டுமா என்று கன்சாஸ் சிட்டிக்காரர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். ஸ்கார்பரோ தம்பிக்கு என் அனுதாபம், இது பத்து வருஷத்தில் தீருகிற வியாதி இல்லை.

கடைசியாக ஒன்று. 12 வருஷத்துக்கு 325 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய கை அது. எங்கள் ஜயன்ட்ஸும் அந்த வரிசையில் நின்றது, கிடைக்கவில்லை, அந்த எரிச்சலும் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. காசு கொட்டினால் ஐந்து ஸ்டார்ட்டர்களைக் கடைசி நாளில் வரிசையாக நிறுத்தலாம். அதைப் போய் உத்தி என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:

இடையில் ஒரு திருத்தம். பம்கார்னருக்கு நடுவில் இரண்டு நாள் ஓய்வு இருந்தது, யமமோட்டோவுக்கு இல்லை. நேர் ஒப்பீடு வேண்டுமென்றால் 2001, அரிசோனா, ராண்டி ஜான்சன். ஆறாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், 104 பந்து, மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் வந்து நாலு பேரை அவுட் ஆக்கினார், யாங்கீஸை 3-2 என்று வென்றார்கள். ஒரே உலகத் தொடரில் மூன்று வெற்றி எடுத்த பிட்சர் அவருக்குப் பிறகு யமமோட்டோதான். ஆனால் ஜான்சனின் ஆறாவது ஆட்டம் 15-2, பதற்றமே இல்லாத ஆட்டம். இந்த வெள்ளிக்கிழமை ஆட்டம் அப்படியா இருந்தது?

யமமோட்டோவின் தொடர்க் கணக்கு: இரண்டாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ், 105 பந்து, ஒரு ரன், கடைசி 20 பேரை வரிசையாக அவுட். ஆறாவது ஆட்டம் ஆறு இன்னிங்ஸ், ஒரு ரன். ஏழாவதில் எட்டு அவுட், ரன் இல்லை. மொத்தம் 17 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், இரண்டே ரன். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.02 ரன்.

நடுவில் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடியதே, அதில் ஆள் தீர்ந்துபோனால் நான் வருகிறேன் என்று புல்பென்னில் கை சூடேற்றிக்கொண்டிருந்தவரும் இவர்தான். 105 பந்து போட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்ததால் தப்பித்தார்.

ஸ்கார்பரோ_தம்பி:

> 105 பந்து போட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது

ஓம், அதை டிவியில் காட்டேக்கை எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. எதிராளி எண்டாலும் அந்த மனிசனை வெறுக்க ஏலாது. 27 வயது, ஆள் உயரமும் இல்லை, எடை தூக்குறதில்லையாம், ஈட்டி எறிஞ்சு பயிற்சி எடுக்கிறவராம். நாங்கள் கராஜில டம்பெல் வாங்கி வைத்துத் தூசி தட்டுறம்.

எண்டாலும் ஒரு விசயம். ஒன்பதாவதில் அவர் ஒன்றும் வடிவாகப் போடேல்லை. கர்க்குக்குக் கையில் பந்து பட்டது. வார்ஷோ அடிச்சது இரண்டு அடி தள்ளிப் போயிருந்தால் முடிஞ்சுது. கிளெமென்ட் அடிச்சது எந்தக் காற்றில்லாத அரங்கிலும் பயப்பட வேண்டிய அடி. அங்கே உங்களைக் காப்பாற்றினது ரோஹாஸ், ஸ்மித், பாஹேஸ். மூன்று பேரும் பிட்சர் இல்லை.

அப்புறம் நான் இரண்டு நாளாக யோசிச்சது ஒன்று இருக்கிறது, யாரும் இதைக் கதைக்கக் காணேல்லை. கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸில் ஒட்டிக்கொண்டு நின்றதுக்கு எல்லாரும் அந்த மனிசனைத் திட்டுறாங்கள். பேஸுக்குக் கிட்டவா நில் எண்டுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கு. வேகமான அடி நேராகக் கையில் போனால் இரண்டு பேரும் அவுட். முதல் நாள்தான் எங்கட பார்ஜர் அப்படி இரண்டாம் பேஸில் மாட்டி ஆறாவது ஆட்டமே முடிஞ்சுது, அந்தப் பயம் எல்லாருக்கும் இருந்திருக்கும். என்ர கோவம் அதுக்கு முன்னம் நடந்ததில. பிஷெட் நொண்டுறார் எண்டு அவரை எடுத்துப்போட்டு ஓடுறதுக்கு இவரை விட்டவை. விளங்குது. ஆனால் ஆட்டம் நீண்டதும் பதினொன்றாவதில் கெரேரோ முதல் ஆளாக இரட்டை அடிச்சுட்டு இரண்டாம் பேஸில் நிற்க, அடுத்து வரவேண்டியது பிஷெட்டின் இடம். அன்று 442 அடி அடிச்ச பிஷெட் வெளியில் இருக்க, கைனர்-ஃபலேஃபா வந்து பண்ட் போட்டு (பந்தை மெல்லத் தட்டி உருட்டிவிட்டு) அவுட் ஆகினார். ஒரே மாற்றம் இரண்டு இடத்தில் கடிச்சுது.

மில்பிடாஸ்_மீனா:

தம்பி, இதை நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா?

ஸ்கார்பரோ_தம்பி:

சொன்னேன். "படு, விடியப் போகுது" எண்டார்.

பசடீனாபாண்டி:

ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாவதில் அவன் கையில் பந்து நிற்கவில்லை. நான் அதைத்தான் முதல் பதிவில் சுற்றிச் சுற்றிச் சொன்னேன், நீங்கள் ரெண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த இன்னிங்ஸைப் பொறுத்தவரை ராபர்ட்ஸின் முடிவு சூதாட்டம், மீனா சொல்கிற காசும் உண்மை, மறுத்தால் எனக்கே சிரிப்பு வரும். ஷ்னைடரும் ஸ்டார்ட்டர்களை இறக்கினார் என்பதும் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வித்தியாசம் பார்க்கிறேன்: இரண்டே இரண்டு அவுட் மிச்சமிருக்கையில் ரோஹாஸுக்கு எதிராக டொராண்டோவின் ஹாஃப்மன் மூன்று 'பால்' (தவறிய பந்து), இரண்டு ஸ்ட்ரைக் என்று வந்து நின்று, வேகப்பந்தை விட்டுவிட்டு ஸ்லைடர் போட்டார். அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஹோம் ரன் அடிக்கிறவர் என்று யாரும் பயப்படாத ஆள் மீது இவ்வளவு யோசனை தேவையா என்று இன்றும் தோன்றுகிறது.

ஆனால் பத்தாவது இன்னிங்ஸை யாருமே பேசவில்லையே! யமமோட்டோவுக்கு மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். முதல் இன்னிங்ஸில் பந்து சொன்னபடி கேட்காதபோது, அடுத்ததில் திரும்பி வந்து கையைச் சரிபண்ணிக்கொள்வது இருக்கிறதே, அதற்குத்தான் நான் தலைவணங்குகிறேன். ஓய்வில்லாத கை என்றால் போகப்போக மோசமாக வேண்டும். இவனுக்கு நேர்மாறாக ஆனது.

பதினொன்றாவதில் ஸ்மித் அடித்து 5-4. அந்த ஆட்டம் முழுக்க எங்களுக்குக் கிடைத்த முதல் முன்னிலையே அதுதான், மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தோம். கெரேரோவின் இரட்டை, பண்ட், பார்ஜருக்கு நடை. முதலிலும் மூன்றாவதிலும் ஆள், ஒரு அவுட். கர்க் வருகிறார், ஒன்பதாவதில் அடி வாங்கிய அதே கர்க். இந்த இடத்தில் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கலாம் என்று ஆசைப்பட முடியாது, ஏனென்றால் இந்த வருஷம் லீகிலேயே குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆகிற அணி டொராண்டோ. எதைப் போட்டாலும் மட்டையில் பட்டுவிடும். படட்டும், ஆனால் தரையோடு போகட்டும் என்று போட வேண்டும்.

ஸ்ப்ளிட்டர் போட்டான். ஆலமரத்துக்காகச் சொல்கிறேன்: ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பந்தைச் செருகிப் பிடிப்பது, வேகப்பந்து மாதிரியே கிளம்பும், தட்டுக்கு முன்னால் வந்ததும் காலடியில் பள்ளம் பறித்த மாதிரி விழும். கர்க்கின் மட்டை உடைந்தது. பந்து நேராக மூக்கி பெட்ஸிடம் உருண்டது, அவர் தானே இரண்டாம் பேஸை மிதித்து முதலுக்கு எறிந்தார். ரெண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. அந்த நேரம் புல்பென்னில் கை சூடேற்றிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா, கெர்ஷா. அந்தத் தொடரோடு ஓய்வு பெற்ற பழைய பிட்சர் கெர்ஷா. அடுத்தது வார்ஷோ, அவருக்குக் கெர்ஷா வந்திருப்பார். அப்படி நடந்திருந்தால் என் இதயம் தாங்கியிருக்காது, உண்மையாகச் சொல்கிறேன்.

அடையாறு_ஆலமரம்:

இப்போது மறுபடி போட்டுப் பார்த்தேன். கர்க்குக்கு விழுந்த அந்தக் கடைசிப் பந்தை ஆறேழு தரம். நம்ம ஊரில் இதே பிடியில் மெதுவான பந்து போடுவார்கள், ஆனால் தரையில் குத்தி வரும். குத்தாமலே இப்படி விழுவதை நான் பார்த்ததில்லை. சரி, 21 ஓவர் கணக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். ஒன்பதாவதில் ஸ்மித்தின் கால் தட்டில் இருந்ததா இல்லையா? கால் எழும்புவது தெரிகிறது, கீழே வருவதும் தெரிகிறது. எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

கணக்குப்பிள்ளை:

ரிவ்யூவில் பார்த்துத்தான் அவுட் என்றார்கள். ரன்னர் வருவதற்குள் கால் திரும்பிப் பதிந்துவிட்டது.

ஸ்கார்பரோ_தம்பி:

நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தனான் ஆலமரம் அண்ணை. பதிஞ்சிட்டுது. ஒரு செருப்பு அகலம்கூட இல்லை, ஆனால் பதிஞ்சிட்டுது. அப்பாவுக்கு மட்டும் பதியேல்லை எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.